புயலுக்கு முன் மாடி வேலை: ஷீட், தூம்பு, டேங்க்

கடலூர்க்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை பிறந்தாலே காது துறைமுகத்துப் பக்கம் போய்விடும். எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. ஆனால் கூண்டு ஏறிய பிறகு வீட்டுக்கு நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வெல்டர் வர மாட்டார், மரம் ஏறுகிறவர் போனை எடுக்க மாட்டார், ஹார்டுவேர் கடையில் கயிறும் தார்ப்பாயும் தீர்ந்திருக்கும். அதனால் இந்த வருஷம் புரட்டாசி வெயிலிலேயே மாடி வேலையைக் கையில் எடுத்தேன். வீடு செம்மண்டலம் பக்கம், கீழ்த்தளம் மட்டும். மேலே மொட்டை மாடியில் துணி காயப்போடவும் வெயில் இறங்காமல் இருக்கவும் 240 சதுர அடிக்கு ஒரு ஷீட் கொட்டகை. நேரமும் பணமும் முக்கால்வாசி அந்தக் கொட்டகைக்கே போனது. அதனால் இங்கேயும் அதுதான் அதிக இடத்தைப் பிடிக்கும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை. அந்தப் புயலைப் பற்றிப் பேச்செடுத்தால் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என் கண்ணில் நிற்பது தெருவெல்லாம் கிடந்த தகரம். முழுக் கூரையாகக் கிளம்பி, பைப்போடு சேர்ந்து, இரண்டு வீடு தள்ளிப் போய் விழுந்திருந்தது. ஷீட் மட்டும் பிய்ந்து போனவை ஒரு ரகம், தூண் கால்களோடு பெயர்ந்து போனவை இன்னொரு ரகம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எங்கள் தெருவில் வழக்கமான வைத்தியம் ஒன்று உண்டு: புயல் என்றதும் ஷீட் மேல் மணல் மூட்டை ஏற்றுவது. பக்கத்து வீட்டு ஐயா வருஷா வருஷம் பத்து மூட்டை ஏற்றுவார். மரியாதைக்குரிய மனிதர், ஆனால் கணக்கு அவர் பக்கம் இல்லை. காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டராக மாற்றி, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். மணிக்கு 140 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 39 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 900 நியூட்டன், அதாவது 90 கிலோ எடைக்குக் கொஞ்சம் மேல். என் கொட்டகை 22 சதுர மீட்டர். ஆக, கூரையை மேலே தூக்கப் பார்க்கும் விசை கிட்டத்தட்ட 2 டன். ஷீட்டும் பைப்பும் சேர்ந்தே முந்நூறு கிலோதான் தேறும். பத்து மூட்டை மணலும் முந்நூறு கிலோ. மீதி ஆயிரத்து நானூறு கிலோவை யார் பிடிப்பது?

இன்னொன்று, வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 70 கிலோமீட்டர் காற்றில் அசையாமல் நின்ற கொட்டகை 140இல் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. “போன வருஷம் ஒண்ணும் ஆகலையே” என்கிற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தர விதி நம் கடற்கரைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். தானேயைவிடவே கூடுதல்.

காற்று கூரையை அழுத்தும் என்று நினைக்கிறோம். தாழ்வான சரிவுள்ள ஷீட்டில் பெரும்பாலும் நடப்பது உறிஞ்சல். மேலே ஓடும் காற்று ஷீட்டை மேலே இழுக்கும். பக்கங்கள் திறந்த கொட்டகை என்றால் அடியில் புகும் காற்று கீழிருந்தும் முட்டும். இரண்டும் ஒரே திசை. ஓரங்களிலும் மூலைகளிலும் இந்த இழுவை நடுப்பகுதியைவிட அதிகம். அதனால்தான் ஷீட் எப்போதும் மூலையில் பிய்ய ஆரம்பிக்கும்.

வெல்டர் அண்ணனை வரவழைத்து மேலே ஏறினோம். முதலில் ஸ்க்ரூ. ரூஃபிங் ஷீட்டுக்கு அடிக்கும் செல்ஃப் ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். நம் ஊர் வெயிலில் சில வருஷத்திலேயே அது வெடித்துப் பொடியாகிவிடும். அப்புறம் அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கும், அடியில் உள்ள பைப் துருப்பிடிக்கும், மரை பிடிப்பு விடும். சோதிப்பது சுலபம்: ஸ்பேனரை வைத்து லேசாக முறுக்கினால் நின்று கொடுக்க வேண்டும். சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். கடல் பார்த்த கிழக்கு ஓரத்தில் நான் தொட்டவற்றில் பாதிக்கு மேல் அப்படித்தான் சுற்றின. உப்புக் காற்றுக்கு முதலில் பலி அந்த வரிசைதான்.

சுற்றியவற்றைக் கழற்றி, பழைய 5.5 மி.மீ. இருந்த அதே ஓட்டையில் 6.3 மி.மீ. ஸ்க்ரூ போட்டோம். பைப்பே அரித்துப்போயிருந்த இடத்தில் ஓரங்குலம் தள்ளிப் புது ஸ்க்ரூ, பழைய ஓட்டைக்கு சிலிக்கான். நடுப்பகுதியில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு ஸ்க்ரூ போதும். ஓர வரிசைகளில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று என்று அடிக்கச் சொன்னேன். “இவ்வளவு எதுக்கு தம்பி, ஷீட்டு சல்லடை ஆயிடும்” என்றார். ஓட்டை அதிகமாவது ஒழுக்குக்கு வழி என்பது உண்மைதான். ஆனால் வாஷர் சரியாக உட்கார்ந்தால் ஒழுகாது. ரப்பர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு முறுக்கி நிறுத்த வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் கிழிந்து, ஷீட்டும் குழிந்துவிடும்.

அதன் மேல் இன்னொரு காப்பு. ஷீட்டின் மேல் ஓரம், கீழ் ஓரம், நடு என்று மூன்று வரிசையில் 25 மி.மீ. அகல இரும்புப் பட்டையை ஷீட்டுக்கு மேலே குறுக்காக ஓடவிட்டு, அடியில் இருக்கும் குறுக்குப் பைப்போடு யூ போல்ட் போட்டு இறுக்கினோம். பட்டை இருந்தால் ஒரு ஸ்க்ரூவின் தலை ஷீட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வர முடியாது, இழுவை பட்டை நெடுகப் பரவிவிடும். ஜே போல்ட் மலிவு, போடுவதும் எளிது. ஆனால் பலத்த இழுவையில் கொக்கி நிமிர்ந்து கழன்று வந்துவிடும். யூ போல்ட் பைப்பை இரண்டு பக்கமும் கவ்வும். புயல் பகுதியில் ஜே-க்குப் பதில் யூ என்பது நான் கண்டுபிடித்தது இல்லை, சிறு வீடுகளுக்கான புயல் பாதுகாப்பு வழிகாட்டியான ஐ.எஸ். 15498 சொல்வதும் அதுதான். பட்டைக்கு இரண்டு கோட் ரெட் ஆக்சைடு, மேலே பெயின்ட்.

ஷீட் இப்போது பைப்பைப் பிடித்திருக்கிறது. பைப் எதைப் பிடித்திருக்கிறது?

இங்கேதான் விஷயம் சுவாரசியமானது. ஆறு தூண்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தகடு, நான்கு மூலையில் நான்கு ஆங்கர் போல்ட். மேலிருந்து பார்த்தால் கம்பீரமாக இருக்கும். ஒரு தூணின் தகடு ஓரத்தில் உளியை வைத்துத் தட்டி, தரை ஓடு ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தோம். மேலே தட்டு ஓடு, அதற்கு அடியில் மூன்றரை அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புத் தளம், அதற்கும் கீழேதான் கான்கிரீட். போல்ட்டின் நீளம் நான்கு அங்குலம். தகடு, ஓடு எல்லாம் போக அதன் நுனி ஜல்லித் தளத்திலேயே முடிந்துவிட்டது. கான்கிரீட்டை அது பார்த்ததே இல்லை. சுண்ணாம்புத் தளம் வெயிலையும் ஒழுக்கையும் தடுக்கப் போடுவது, போல்ட் பிடிக்க அல்ல. கம்பியை விட்டு நெம்பியதும் போல்ட் ஜல்லியோடு சேர்ந்து கையில் வந்தது. காலோடு பெயர்ந்து போகும் கொட்டகைகளின் ரகசியம் இதுதான். நம் ஊரில் தட்டு ஓடு பதித்த மாடியில் கொட்டகை போட்டிருக்கும் யாரும் இந்த ஒன்றை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

ஆறில் நான்கு தூண்கள் பீமுக்கு மேல் நின்றன. அவற்றைச் சுற்றி ஓரடிச் சதுரத்துக்கு ஓட்டையும் ஜல்லியையும் கொத்தி எடுத்து, கான்கிரீட் தெரிய வைத்தோம். அதில் துளை போட்டு, கெமிக்கல் ஆங்கர் என்கிற இறுகும் பசையை விட்டு 12 மி.மீ. மரைக் கம்பி பதித்தோம். இந்த வேலையில் உயிர்நாடி துளைக்குள் இருக்கும் தூசி. பிரஷ் விட்டுத் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊதி, உள்ளே பொடியே இல்லாமல் ஆன பிறகுதான் பசையை விட வேண்டும். தூசி மேல் பசை ஒட்டினால் தூசியோடு வந்துவிடும். துளை போடும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தட்டினால் அங்கே அடம்பிடிக்காமல் ஒன்றிரண்டு அங்குலம் நகர்ந்து போட வேண்டும். தளத்துக்குள் ஒயர் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கீழே ஃபேன் கொக்கி, லைட் பாயின்ட் இருக்கும் இடத்தை வைத்து முன்பே குறித்துக்கொள்வதும் நல்லது. பாக்கெட்டில் போட்ட நேரம் வரை தொடாமல் விட்டு, பிறகு தகட்டை முடுக்கி, சுற்றிலும் கான்கிரீட்டில் சின்ன பீடம் கட்டி, பீடமும் ஓடும் சேரும் விளிம்பில் வாட்டர் புரூஃப் கலவை பூசினோம். இந்த விளிம்பை விட்டால் புயலில் தப்பித்த வீடு சாதா மழையில் ஒழுகும்.

மீதி இரண்டு தூண்களுக்கு அடியில் பீம் இல்லை. ஆனால் இரண்டின் பக்கத்திலும் பில்லர் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பிற்காலத்தில் மாடி எடுக்கலாம் என்று எல்லா வீட்டிலும் விட்டு வைப்பார்களே, அதே கம்பிகள். அப்பா காலத்து நம்பிக்கை இப்போது எனக்குப் பயன்பட்டது. ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் உள்ளே இரும்பு கெட்டியாகவே இருந்தது. கம்பி இளைத்து உதிர்ந்தால் இதை நம்பக் கூடாது. நான்கு கம்பியையும் சேர்த்துச் சுற்றி 8 மி.மீ. ஒயர் ரோப் போட்டு, தூணின் தலைக்கு இழுத்து, நடுவில் டர்ன்பக்கிள் (கயிற்றை இறுக்கும் திருகு) வைத்து முறுக்கினோம். ஒயர் ரோப்பை மடக்கிக் கிளாம்ப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிளாம்பின் அடிக்கட்டை பாரம் தாங்கும் கயிற்றின் மேல் வர வேண்டும், யூ வளைவு வெட்டி விட்ட முனையின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யூ வளைவு பாரக் கயிற்றையே நசுக்கிவிடும். ஒரு முனைக்கு மூன்று கிளாம்ப். அண்ணன் ஒன்றே போதும் என்றார். நான் விடவில்லை.

கைப்பிடிச் சுவரில் கட்டலாமே என்று கேட்காதவர் இல்லை. நாலரை அங்குலச் செங்கல் சுவர் மேல்நோக்கி இழுக்கும் விசைக்குக் கட்டப்பட்டதே இல்லை. கொட்டகை கிளம்பும்போது சுவரையும் சேர்த்துத் தெருவில் தள்ளும்.

கொட்டகையின் வடக்குப் பக்கம் வெயிலுக்காகப் பச்சை வலையும், அதன் மேல் யாரோ கல்யாணத்துக்கு அடித்த பழைய ஃப்ளெக்ஸும் கட்டியிருந்தோம். அது காற்றுக்குப் பாய்மரம். புயல் பெயர் வைத்ததும் அவிழ்த்துவிட வேண்டியது என்று முடிச்செல்லாம் சுருக்கு முடிச்சாக மாற்றி வைத்திருக்கிறேன். கத்தியில்லாமல் ஒரே இழுப்பில் வரும்.

வடக்குப் பக்கத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், நம் அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். நமக்கு வடக்கே, புதுச்சேரி மரக்காணம் பக்கம் கரை கடந்தால் கடலூரில் காற்று வடக்கு, வடமேற்கில் தொடங்கி மேற்கு, தென்மேற்காகத் திரும்பும். நமக்குத் தெற்கே கடந்தால் வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு. நம் தலைக்கு மேலேயே கண் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடித்து, சட்டென்று நின்று, பிறகு தெற்கிலிருந்து அதே மூர்க்கத்தோடு திரும்ப வரும். நடுவில் வரும் அந்த அமைதியில் மாடிக்கு ஏறிப் போகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். கரை கடக்கும் இடம் கொஞ்சம் மாறினாலும் எந்த ஜன்னலில் மழை அடிக்கும் என்பது மாறிவிடும். ஒரு பக்கத்தை மட்டும் தயார் செய்வதில் பயனில்லை.

அடுத்தது தண்ணீர். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று தானே அளவுக்கு இல்லை, ஆனால் நகராமல் அங்கேயே நின்று ஊற்றியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 48 சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 45,000 லிட்டர். அது வெளியேற என் மாடியில் இருப்பது நான்கு அங்குலக் குழாய் இரண்டு. குழாயின் அளவு போதும். ஒன்றே கூடப் போதும், அடைக்காமல் இருந்தால். பக்கத்து வேப்ப மரம் அதற்கு விடுவதில்லை. காற்று முதலில் இலையைத்தான் கொண்டுவந்து கொட்டும், பின்னாலேயே மழை. வாயில் போடும் தட்டை ஜாலியில் நாலு இலை படிந்தால் முடிந்தது கதை. அதை எடுத்துவிட்டு, குமிழ் போல மேலே எழும்பி நிற்கும் ஜாலி வாங்கிப் போட்டேன். இலை பக்கங்களில் ஒட்டினாலும் தலைப்பகுதியில் தண்ணீர் இறங்கும்.

ஆனாலும் இரண்டும் அடைத்துக்கொண்டால்? ஓரடித் தண்ணீர் நின்றாலே ஆயிரம் சதுர அடியில் 28 டன். தளத்துக்குப் பாரம் மட்டுமல்ல, ஹெட்ரூம் (மாடிப்படி முடியும் சிற்றறை) கதவு வழியாகப் படியில் இறங்கி வீட்டுக்குள் வரவும் அது போதும். அதனால் கோர் கட்டிங் ஆளைக் கூப்பிட்டுக் கைப்பிடிச் சுவரில், தளத்திலிருந்து மூன்று அங்குலம் மேலே நான்கு அங்குலத் துளை போட்டு, வெளிப்பக்கம் சரிவாக ஒரு பி.வி.சி. துண்டைச் செருகிப் பூசிவிட்டேன். பழைய வீட்டுத் தூம்புதான், வேறொன்றும் இல்லை. சாதா நாளில் அதில் சொட்டுக்கூட வராது. அதிலிருந்து தண்ணீர் கொட்டினால் கீழேயிருந்தே தெரிந்துவிடும், மாடிக் குழாய் அடைத்திருக்கிறது என்று. வெளியே அரையடி நீட்டி விடுங்கள், இல்லாவிட்டால் சுவரிலேயே வழிந்து பெயின்ட் போகும்.

சின்டெக்ஸ் டேங்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை: நிரப்பி வையுங்கள். காலி டேங்க் முப்பது கிலோ, அதைத் தள்ள தானே வேகக் காற்றுக்கு இடது கை போதும். ஆயிரம் லிட்டர் நிறைந்தால் ஒரு டன். மூடியை மட்டும் நைலான் கயிற்றால் குறுக்குக் கட்டாகக் கட்டினால் போதும். எப்படியும் கரன்ட் போகும், தானேக்குப் பிறகு பல ஊர்களில் வாரக் கணக்கில் இல்லை. நிரம்பிய டேங்க் குடும்பத்துக்கு வேண்டியதும்கூட.

ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி போட்டு டேப் ஒட்டுவது வீண் வேலை, கண்ணாடி அதனால் பலமாகாது. அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் அடிப்பள்ளத்தில் இருக்கும் தண்ணீர் போகும் சின்ன ஓட்டைகளைக் குச்சி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மழை பல நேரம் உள்ளே வருவது அந்த ஓட்டை அடைத்ததால்தான். ஹெட்ரூம் தகரக் கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தாழ்ப்பாள் சேர்த்தேன், குறுக்கே ஒரு பைப் செருகும் கொக்கியும் வைத்தாயிற்று.

முருங்கை காற்றுக்கு முன்பே முறியும் மரம், பாதி உயரத்துக்குக் கழித்தாயிற்று. அம்மாவுக்கு அதில் வருத்தம்தான், ஆனால் முருங்கை தை மாசத்துக்குள் துளிர்த்துவிடும். தென்னையில் காய்ந்த மட்டை, பாளை, நெற்று எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. மின் கம்பியை உரசும் வேப்பங்கிளையை நாங்கள் தொடவில்லை. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்திய பிறகு வெட்டினார்கள்.

கடலூரில் புயல் கரை கடந்ததும் வேலை முடிந்துவிடாது. ஃபெஞ்சல் கடந்த இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. வானம் வெளுத்த பிறகு வந்த வெள்ளம் அது. அதனால் இன்வெர்ட்டர், பேட்டரியைத் தரையிலிருந்து எடுத்து மூன்றடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினேன். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டுக்குள் கரன்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பது பல பேருக்கு நினைவிருப்பதில்லை. தண்ணீர் வாசற்படி தொட்டால் இரண்டையும் அணைக்க வேண்டும். சம்ப் மூடியைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டி, மேலே கல் வைத்தாயிற்று. வெள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் மேலேறாமல் கீழ்த்தளக் கழிவறைக் கோப்பைக்குள் வைக்க, பிளாஸ்டிக் பையில் கட்டிய மணல் மூட்டை ஒன்று தயார். மணல் மூட்டைக்கு உரிய இடம் அதுதான். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 இரண்டையும் அம்மா கண்ணுக்குத் தெரியும் அளவில் மீட்டர் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது.

செலவில் வெல்டர் கூலியும் கெமிக்கல் ஆங்கரும்தான் பெரிது. ஸ்க்ரூ, பட்டை, கிளாம்ப் எல்லாம் சேர்ந்தும் ஒரு புது ஷீட் கொட்டகையின் விலையில் சின்னப் பங்குதான். தூம்புத் துளைக்குப் பேரம் பேசலாம், ஒரே தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து கூப்பிட்டால் ஆள் குறைத்து வாங்குவார். பக்கத்து வீட்டு ஐயாவும் தூம்புக்குச் சேர்ந்துகொண்டார். மணல் மூட்டை மட்டும் இன்னும் ஷீட் மேல்தான் இருக்கிறது.

பின்கட்டுச் சமையலறையின் சீமை ஓட்டுக் கூரை பாக்கி. அங்கே ஓர வரிசை ஓடுகளைக் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டி, விளிம்பிலும் முகட்டிலும் சிமென்ட் பட்டை ஓட்ட வேண்டும். நடுநடுவேயும் சில பட்டைகள் தேவைப்படும். கொத்தனார் தீபாவளிக்கு முந்தின வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடைமழை அவருக்கு முன்னால் வராமல் இருந்தால் சரி.